வேலை மலையிறங்கிய கதை

கொல்லிமலையில் இருநூறுக்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் உண்டு. இரண்டு தலைமுறைக்கு முன்பு அவற்றில் ஏதாவது ஒன்றில் போய், “இங்கே வேலை எங்கே இருக்கிறது?” என்று கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. பள்ளத்தில் நெல் வயல், சரிவில் சாமைக் காடு, வாசலில் உரல், வீட்டுக்குப் பின்னால் பலா. கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குள் வருஷம் முழுக்கச் செய்தாலும் தீராத வேலை. இன்று அதே ஊரில் அதே கேள்வியைக் கேட்டால் பதில் ஊர்ப்பெயர்களாக வரும்: ராசிபுரம், நாமக்கல், திருப்பூர், குடகு, இடுக்கி.

ஒரு நிலப்பரப்பில் வேலைகள் எங்கெங்கே குவிந்திருக்கின்றன, அவற்றைச் செய்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற ஆராய்ச்சி பெரும்பாலும் பெருநகரங்களைப் பற்றியே நடக்கிறது. சென்னைக்கு அப்படிப் பல வரைபடங்கள் போடப்பட்டிருக்கின்றன. மலைக்கு யாரும் அப்படி ஒரு படம் போட்டுப் பார்ப்பதில்லை. கொல்லிமலைக்கு அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று என இரண்டு படம் போட்டுப் பக்கத்தில் வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். மலையில் வேலை இல்லாமல் போய்விட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மலையில் விளையும் பொருளின்மீது செய்ய வேண்டிய வேலை இன்றும் அப்படியே இருக்கிறது. அது நடக்கும் இடம்தான் கீழே போய்விட்டது. வேலை முதலில் இறங்கியது, ஆட்கள் அதன் பின்னால் இறங்கினார்கள்.

அன்று: வாசற்படியில் வேலை

நாமக்கல் மாவட்டத்தில், சுமார் 1,000 முதல் 1,400 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கிறது கொல்லிமலை. மேலே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயர் அப்படி இருந்தாலும் கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்பது இவர்கள் சொல்லும் வம்சக்கதை. மலையை நாடு நாடாகப் பிரித்துக்கொண்டார்கள்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என்று. இன்றைய 14 ஊராட்சிகளும் அந்த நாட்டுப் பெயர்களையே சுமக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 40,000 பேர். சென்னையின் ஒரு வார்டுக்குள் அடங்கிவிடும் கூட்டம் இருநூறு ஊர்களில் பரவியிருக்கிறது.

ஆட்கள் அப்படிப் பரவியிருந்ததற்குக் காரணம், வேலையும் அப்படியே பரவியிருந்ததுதான். ஊற்றுநீர் தேங்கும் பள்ளங்களில் நெல். அதற்கு மேலே ஏர் ஓடும் சரிவில் கேழ்வரகு, சாமை, தினை, பனிவரகு. ஏர் ஏறாத செங்குத்தில் கொத்தி விதைக்கும் காடு. நிலம் இருக்கும் இடத்தில் வீடு, வீடு இருக்கும் இடத்தில் வேலை. கோடை மழைக்கு உழவு, பிறகு விதைப்பு, களை, பரண் மேல் உட்கார்ந்து கிளி விரட்டல், பன்றிக் காவல், அறுப்பு, களத்தில் மிதிப்பு. ஒரு வீட்டுக் காட்டில் இன்று நாலு வீட்டு ஆட்கள் இறங்கினால், நாளைக்கு அந்த வீட்டு ஆட்கள் மற்றவர் காட்டில் இறங்குவார்கள்.

அறுத்துக் களம் சேர்த்ததோடு வேலை முடிந்துவிடாது. சாமையும் தினையும் உமி கெட்டியான தானியங்கள். அவற்றை உரலில் போட்டுக் குத்திப் புடைத்தால்தான் சோறு. அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில். ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிட, யாரோ ஒருத்தி மணிக்கணக்கில் உலக்கை பிடித்தாக வேண்டும். கூலி இல்லாத அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை. ஆனால் வேலையின் வரைபடத்தில் அதற்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். ஏனென்றால் விளைபொருளை உணவாக மாற்றும் ‘ஆலை’ அன்றைக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருந்தது.

மலைக்குக் கீழே போகும் வேலையும் உண்டு. பலாப்பழம், வாழைத்தார், தேன், கடுக்காய் என்று தலைச்சுமையாக ஒற்றையடிப் பாதையில் இறக்கிக் கொண்டுபோய் விற்றுவிட்டு, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். மேற்கே பேளுக்குறிச்சிச் சந்தை, தெற்கே ஐயாறு இறங்கும் புளியஞ்சோலைப் பக்கம். போனவர்கள் திரும்பி வந்தார்கள். சந்தைக்குப் போவது பயணம். வேலை மேலேயே இருந்தது.

இதே சேலம் சீமையில் இன்னொரு மலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொல்லிமலையின் தனித்தன்மை புரியும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபியைக் கொண்டுவந்து நட்டார். பின்னாலேயே வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் வந்தன. அங்கே வேலை என்பது எஸ்டேட் என்று ஆயிற்று. காலையில் பெயர் கூப்பிடுவார்கள், மேஸ்திரி பிரித்து அனுப்புவார், சாயங்காலம் திரும்பலாம். கொல்லிமலையோ மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்போன மலை. துரைமார்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பங்களாக்கள் வரவில்லை, பெருந்தோட்டங்களும் வேர்விடவில்லை. காய்ச்சல் எத்தனையோ உயிரை வாங்கியது உண்மை. ஆனாலும் நிலம் பெரும்பாலும் மலைமக்கள் கையிலேயே தங்கியதற்கும், வேலை ஒரே முதலாளியின் கேட்டுக்குள் குவியாமல் இருநூறு ஊர்களில் பரவி நின்றதற்கும் அந்தக் காய்ச்சல் ஒரு காரணம்.

போர் கொண்டுவந்த கிழங்கு

வேலையின் இடம் மாறத் தொடங்கியது மலையில் இல்லை, சேலத்தில். அதுவும் ஒரு போரினால். 1942-இல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜாவாவும் ஜப்பான் கைக்குப் போனதும், அங்கிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றது. 1943-இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார், பினாங்கில் தொழில் அனுபவம் பெற்ற போபட்லால் ஷாவின் துணையோடு மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார். வீட்டுத்தொழிலாக ஆரம்பித்தது ஆலைத்தொழிலாக வளர்ந்து ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கமெல்லாம் சேகோ ஆலைகளாகப் பரவியது. 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். மலைக்கு லாரி ஏறும் சாலை வந்தபிறகு ஆலைக்காரர்களின் கண் கொல்லிமலைச் சரிவுகள்மேல் விழுந்தது. மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு மானாவாரியில் வரும், குருவி கொத்தாது, அதிகம் கவனிக்கத் தேவையில்லை, மொத்தமாகக் கையில் காசு தரும். சாமைக் காடுகள் ஒவ்வொன்றாகக் குச்சிக்கிழங்குக் காடுகளாயின.

பயிர் மாற்றம் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். வேலைக்கணக்கில் அது என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். சாமை ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதையும் வாங்கிக்கொள்ளும் பயிர். காட்டு வேலை முடிந்ததும் வாசல் வேலை தொடங்கும். குச்சிக்கிழங்கு அப்படியில்லை. குச்சி நட்டு, சில முறை களை வெட்டி விட்டால், பத்து மாதம் கழித்து ஒரு நாள் லாரி வந்து நிற்கும். பிடுங்கி, ஏற்றி அனுப்பிவிட்டால் தீர்ந்தது. அதற்கு மேல் செய்ய வேண்டியதெல்லாம் கீழே. தோல் சீவுவது, கழுவுவது, அரைப்பது, தொட்டியில் மாவைப் படிய விடுவது, குருணையாக உருட்டுவது, தட்டில் வறுப்பது, களத்தில் காயவைப்பது, மூட்டை பிடிப்பது. மிச்சமாகும் திப்பியைக் காயவைத்துத் தீவனத்துக்கு விற்பதுகூட ஆலையின் கணக்கு.

விலை சொல்லும் வேலையும் கூடவே இறங்கிப் போயிற்று. கிழங்கில் எத்தனை பாயிண்ட் மாவுச்சத்து என்பதை வைத்து விலை. அந்தப் பாயிண்டை அளக்கும் கருவி ஆலையில் இருக்கிறது. மலைக்காரர் கிழங்கை ஏற்றிவிட்டு, என்ன பாயிண்ட் வந்தது என்று புரோக்கர் சொல்வதற்குக் காத்திருக்கிறார்.

இப்படி ஒரே பயிரால் பல காரியம் நடந்தது. உரலும் உலக்கையும் ஓய்ந்தன. சோற்றுக்கு ரேஷன் அரிசி வந்தது. 2011 ஜூனிலிருந்து அது இலவசமாகவே வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை கையில் மொத்தமாகப் பணம் புரண்டது. கூடவே, வருஷத்தில் பல மாதம் கைகள் சும்மா இருந்தன. மலைக்காரர்கள் வெளியூர் வேலைக்குப் போகத் தொடங்கியதற்கு வறுமை ஒரு காரணம் என்பது சரி. ஆனால் அவர்கள் போக முடிந்தது இந்தச் சும்மா இருந்த மாதங்களால்தான். சாமை விதைத்தவர் குடும்பத்தோடு குடகுக்குப் போய் மூன்று மாதம் தங்க முடியாது. கிழங்கு நட்டவர் போகலாம்.

பச்சையாகவே இறங்கும் பொருள்கள்

கிழங்கு மட்டும் இல்லை. கொல்லிமலையிலிருந்து பாக்சைட் கனிமம் வெட்டி எடுக்கப்பட்டு மேட்டூரில் இருந்த மால்கோ அலுமினிய ஆலைக்குப் போனது. மலைக்குக் கிடைத்தது வெட்டுக் கூலியும் ஏற்றுக் கூலியும். உலை, ஆய்வகம், பராமரிப்பு, அலுவலகம் என நிரந்தரச் சம்பளம் தரும் வேலைகள் மேட்டூரில் இருந்தன. 2008-இல் மேட்டூர் உலை நின்றபோது மலையில் மிஞ்சியவை தோண்டிய இடங்கள். பல ஆண்டு கனிமம் கொடுத்த மலையில், அதனால் தொழில் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை உருவாகவில்லை. கற்றுக்கொடுக்கும் வேலை எதுவும் மேலே நடக்கவில்லை.

காபிக்கும் பெரும்பாலும் இதே வழிதான். பழம் பறிப்பதும் காயவைப்பதும் மேலே. ஓடு நீக்கி, தரம் பிரித்து, வறுத்து, பொடியாக்கிப் பொட்டலம் போடுவது சமவெளியில். மிளகு கொஞ்சம் பரவாயில்லை. சில்வர் ஓக் மரங்களில் கொடியேற்றி, ஏணி வைத்துப் பறித்து, உதிர்த்து, வீட்டு வாசலிலேயே காயவைக்கிறார்கள். அதனால் அதன் வேலையில் பெரும்பகுதி மலையிலேயே தங்குகிறது. கெடாது, எடை குறைவு, நல்ல விலை வரும் வரை மூட்டையாக வீட்டில் வைத்திருக்கலாம். கிழங்கோ பிடுங்கின இரண்டொரு நாளில் அரவைக்குப் போயாக வேண்டும். மிளகு விற்பவருக்குக் காத்திருக்க நேரம் இருக்கிறது. கிழங்கு விற்பவருக்கு இல்லை. மலைமேல் இருக்கும் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு மூட்டையோடு நிற்பவரின் பேரத்துக்கும், லாரியில் கிழங்கு ஏற்றியவரின் பேரத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கிருந்துதான் வருகிறது.

இன்று: நடுவில் ஒரு வட்டம் காணோம்

இன்றைய கொல்லிமலைக்கு வேலையின் வரைபடம் போட்டால் வட்டம் வட்டமாக வரும்.

முதல் வட்டம் வீடும் காடும். மிளகு, காபி, கிழங்கு, வாழை, பலா, கொஞ்சம் நெல், ஆங்காங்கே சாமை. அங்கே வேலை இருக்கிறது, பருவத்துக்கு மட்டும்.

இரண்டாவது வட்டம் செம்மேடும் சோளக்காடும். அலுவலகங்கள், வங்கி, மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம், பேருந்து நிலையம், கடைகள், டீக்கடைகள், ஒர்க்‌ஷாப். ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோவிலுக்கும் வாசலூர்பட்டிப் படகுத்துறைக்கும் வருபவர்களை நம்பி விடுதிகள், ஜீப்புகள், பழக்கடைகள். ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்கும், வாரக் கடைசிகளுக்கும் கூட்டம் சேரும். ஒரு காலத்தில் மலையில் மையம் என்று சொல்ல ஓர் ஊர் இல்லை. இன்று செம்மேடு அப்படி ஆகிவிட்டது. மாதச் சம்பள வேலை என்று மலையில் இருப்பது பெரும்பாலும் அரசு வேலை. ஆசிரியர், செவிலியர், எழுத்தர் என்று அவற்றில் அமர்பவர்களில் பலர் காலையில் பேருந்தேறிக் கீழிருந்து வருகிறார்கள்.

மூன்றாவது வட்டம் மலையடிவாரமும் அதைச் சுற்றிய ஊர்களும். சேந்தமங்கலம், ராசிபுரம், நாமக்கல். கோழிப்பண்ணைகள், லாரி பாடி கட்டும் பட்டறைகள், சேகோ ஆலைகள், கல்குவாரிகள், கட்டட வேலை. வேலைக்குப் பஞ்சமில்லாத பகுதி. வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். நாமக்கல்லிலிருந்து செம்மேடு ஏறத்தாழ 55 கிலோமீட்டர்.

இங்கேதான் சிக்கல். தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்கு மின்ரயிலில் ஒரு மணி நேரம். சீசன் டிக்கெட் வாங்கிக்கொண்டு தினமும் போய்வரலாம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் சாலையில் அப்படி முடியாது. ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். குக்கிராமத்திலிருந்து பேருந்து நிற்கும் இடத்துக்கு நடக்கும் நேரம் தனி. முள்ளுக்குறிச்சிப் பக்கமாக இன்னொரு சாலை வந்தது வடபகுதி ஊர்களுக்கு உதவி. ஆனாலும் காலையில் இறங்கி எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு இரவுக்குள் ஏறிவிடலாம் என்று பெரும்பாலோர் கணக்குப் போட முடியாது. போனால் தங்க வேண்டும்.

தங்குவது என்று ஆகிவிட்டால், நாமக்கல்லில் தங்கினால் என்ன, திருப்பூரில் தங்கினால் என்ன? எங்கே கூலி கூடுதலோ, எங்கே குடும்பத்துக்கே ஒரு கொட்டகை தருவார்களோ, அங்கே போகிறார்கள். இரண்டாவது வட்டத்திலிருந்து நேரே நான்காவது வட்டத்துக்குத் தாவல். பருவத்துக்குக் கேரள மிளகுத் தோட்டங்கள், குடகுக் காபித் தோட்டங்கள். இளவட்டங்களுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிகள், கொங்கு நாட்டு நூற்பாலைகள். திருச்செங்கோட்டு ரிக் லாரியில் ஏறினால் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டே ஆந்திரம், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் சுற்ற வேண்டும். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில், தினமும் போய்வரக்கூடிய தூரம் என்று ஒரு வட்டம் பெருநகரத்தில் இருக்கிறது. கொல்லிமலையில் அந்த வட்டம்தான் இல்லை. சொந்த ஊரில் மிளகு பறிக்கத் தெரிந்தவர், இடுக்கியில் போய் அதே மிளகைக் கூலிக்குப் பறிக்கிறார் என்றால் அதற்கு இதுதான் காரணம்.

விளைவு குடும்பத்தில் தெரிகிறது. வீட்டில் பாட்டியும் தாத்தாவும். பிள்ளைகள் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில். அப்பா அம்மா பருவத்துக்கு ஒரு மாநிலத்தில். பள்ளிக்கூடத்துக்கு உறைவிடம் தேவைப்பட்டதற்குத் தூரம் ஒரு காரணம்; பெற்றோர் ஊரில் இல்லாதது இன்னொரு காரணம்.

பெருநகரத்திலும் வேலை நகர்கிறது

வேலை இடம் மாறுவது மலைக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. சென்னையிலும் அது நகர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. ஒரு காலத்தில் கோட்டை, துறைமுகம், ஜார்ஜ் டவுன், பெரம்பூர்ப் பக்கம் பின்னி ஆலை என்று வேலை ஒரு கைப்பிடிக்குள் இருந்தது. புளியந்தோப்பிலும் ஓட்டேரியிலும் இருந்தவர்கள் ஆலைச் சங்கு கேட்டு நடந்தே வேலைக்குப் போனார்கள். பிறகு 1958-இல் கிண்டி, 1964-இல் அம்பத்தூர் என்று தொழிற்பேட்டைகள் வெளியே வந்தன. 1996-இல் பின்னி ஆலை மூடப்பட்டது. அதே காலத்தில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை எழுந்து 1998-இல் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா. அதன் பின்னால் பழைய மாமல்லபுரம் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். வேலையைத் துரத்திக்கொண்டே நகரமும் வளர்ந்தது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது.

இந்த நகர்வில் அடிபடுபவர்கள் யார் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் கெய்ன் 1968-இல் எழுதிய ஒரு கட்டுரை காட்டியது. டெட்ராய்ட், சிகாகோ நகரங்களில் ஆலைகள் புறநகருக்குப் போய்விட்டன. கறுப்பின மக்களோ வீடு கிடைக்காத பாகுபாட்டால் நகர நடுவிலேயே அடைபட்டார்கள். வேலை ஓரிடம், ஆள் ஓரிடம். சென்னையில் இதைத் தலைகீழாகச் செய்தோம். வேலை நகரத்துக்குள் இருக்க, ஆட்களை வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தினோம். 2000 முதல் கண்ணகி நகருக்கும் பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களில், மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் வீட்டுவேலை பார்த்த பெண்கள் பலர் வேலையை விட்டார்கள். விடாதவர்கள் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்தார்கள்.

நகரத்துக்கு வேறு வழிகள் உண்டு. மின்ரயில், மெட்ரோ, கம்பெனி பஸ். அதுவும் போதாதபோது வேலைக்குப் பக்கத்திலேயே படுக்கையைக் கொண்டுவருகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், செல்பேசி ஆலைப் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கொல்லிமலையின் மொத்த ஜனத்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர் தங்கக்கூடிய இடம். தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து பெண்பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். நகரத்தில் வேலை நகர்ந்தால் பேருந்து எண் மாறுகிறது. மலையில் வேலை நகர்ந்தால் குடும்பம் பிரிகிறது. அப்படிப் பிரிந்து வருபவர்களை நம்பித்தான் நகரம் விடுதி கட்டுகிறது.

எதை இழந்தோம், எதை இழக்கவில்லை

அன்றைய வாழ்க்கையைப் பொற்காலமாக்கிப் பேசுவது கீழே இருப்பவர்களுக்குச் சுலபம். உலக்கை பிடித்த கைகளைக் கேட்டால் வேறு பதில் வரும். காய்ச்சலில் செத்தவர்கள், பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கி இறங்கும்போது வழியிலேயே போனவர்கள், மழை பொய்த்த வருஷம் காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றவர்கள் என்று அந்த மலைக்கு இன்னொரு நினைவும் உண்டு. சாலை வந்தது, பள்ளி வந்தது, பணம் வந்தது. கீழே போய்ச் சம்பாதித்தவர்கள் ஓட்டு வீட்டைத் தளம் போட்ட வீடாக்கினார்கள், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். போக வழி இருப்பது ஒரு சுதந்திரம்.

போக மட்டுமே வழி இருப்பதுதான் குறை. பொருள் பச்சையாக இறங்கும் வரை அதன்மீதான வேலையும் இறங்கும். வேலை இறங்கும் வரை ஆளும் இறங்குவார்.

இதைத் திருப்பலாம் என்பதற்கு மலையிலேயே சான்று இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களை மீட்கப் பாடுபட்டது. விதை வங்கி, சுயஉதவிக் குழு என்று பல முயற்சி. அவற்றில் சின்னதாகத் தோன்றும் ஒன்றுதான் விஷயத்தின் வேரைத் தொட்டது: ஊர்களுக்குள் உமி நீக்கும் இயந்திரங்களை வைத்து, அவற்றைக் குழுக்களின் பொறுப்பில் விட்டது. உலக்கைப் பாடு தீர்ந்தது. அரவை வேலை கீழே போகாமல் ஊரிலேயே நின்றது. தானியமாக விற்றவர்கள் அரிசியாக, மாவாகப் பொட்டலம் போட்டு விற்றார்கள். குச்சிக்கிழங்கு பிடித்த பரப்பை அது திரும்ப வாங்கிவிடவில்லை. ஆனால் உழைப்பின் கடினத்தைக் கீழே அனுப்பாமலேயே ஒழிக்கலாம் என்று காட்டியது.

இன்னொரு சான்று சட்டத்தில் இருந்தது. 2005-இல் இயற்றப்பட்டு, 2008 ஏப்ரலில் நாமக்கல் உள்ளிட்ட மீதி மாவட்டங்களுக்கும் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலையை வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் தர வேண்டும் என்றது. அதைத் தாண்டினால் போக்குவரத்துக்காகக் கூலியில் 10 சதவீதம் கூட்டித் தரச் சொன்னது. வேலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்துக்கு ஒரு விலை உண்டு, அதை வேலை தருபவர் ஏற்க வேண்டும் என்று எழுதிவைத்த சட்டங்கள் அபூர்வம்.

மலைக்கு இன்னும் திட்டங்கள் வரும். ஓடைகளை மறித்து 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நீர்மின் திட்டம் வந்திருக்கிறது. சுற்றுலா விரிவாக்கம், புதிய விடுதிகள், சாலை அகலப்படுத்தல் எல்லாம் பேசப்படுகின்றன. ஒவ்வொன்றின் அடிக்கல் நாட்டு விழாவிலும் ‘வேலைவாய்ப்பு’ என்ற வார்த்தை ஒலிக்கும். கட்டும்போது நூறு பேருக்கு வேலை இருக்கும். கட்டி முடித்தபின் எத்தனை பேருக்கு? அந்த வேலைகளில் மலைப்பிள்ளைகள் உட்காரும்படி இங்குள்ள ஐடிஐயில் அதற்கான பாடம் இருக்குமா? மிளகைத் தரம் பிரிப்பது, காபி ஓடு நீக்குவது, பலாவைக் காயவைத்துப் பொட்டலமாக்குவது, கிழங்கின் பாயிண்டை அளப்பது ஆகிய வேலைகளில் எத்தனை செம்மேட்டுக்கும் சோளக்காட்டுக்கும் ஏறும்?

கடைசியாகச் சொன்ன பாயிண்ட் அளப்பதிலிருந்தே தொடங்கலாம். அதற்கு ஆலை வேண்டாம், ஒரு தராசும் பயிற்சி பெற்ற இரண்டு பேரும் போதும். கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் கிழங்கை அளந்து, சீட்டு எழுதி, அதன் பிறகு லாரி கிளம்பட்டும். கீழே போன வேலைகளில் முதலில் ஏற வேண்டியது விலை சொல்லும் வேலை. அது மேலே வந்துவிட்டால், ஊரில் இருப்பதா வெளியூர் போவதா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்துகொள்ளும்.